நுளம்புக்குள்ள வளருற நாய்ப்புழு

நாய்க்குப் பூச்சி எண்டு சொன்னா எங்கட ஆக்களுக்கு நினைவு வாறது வயித்துப் பூச்சி மட்டும்தான், குட்டியில ஒரு குளிசை, பேந்து இன்னொரு குளிசை, அதோட அலுவல் முடிஞ்சுது. இரத்தத்துக்குள்ள ஓடித் திரியிற பூச்சி, தோலுக்குக் கீழ நூல் கணக்கா சுருண்டு கிடக்கிற பூச்சி, அதுவும் நுளம்பு குத்தித்தான் வாறது எண்டால் சிரிக்கினம். "நுளம்பு எங்களுக்கு டெங்கைக் குடுக்கும், நாய்க்கு என்னத்தைக் குடுக்கப் போகுது" எண்டு பக்கத்து வீட்டு அன்ரி கேட்டவ. மதிலடியில நிண்டு சொல்லத் தொடங்கினன், நடுவில அடுப்பில சோறு எண்டு சொல்லிப்போட்டு அவ உள்ள போட்டா, மிச்சத்தை இஞ்ச எழுதுறன், அவவின்ர மகள் வாசிச்சுக் காட்டட்டும்.

விசயம் எங்கட ரொமியால வந்தது. ரொமி அசல் ஊர் நாய், சாதி கீதி ஒண்டும் இல்லை. அதின்ர விலாப்பக்கம் சின்னனா ஒரு கட்டி, அமத்தினா உருளும், அதுக்கு நோவு இல்லை. மிருக வைத்தியர் கட்டியைத் தொட்டுப் பாத்திட்டு இரத்தம் எடுத்து ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில விட்டு நுணுக்குக்காட்டிக்குக் கீழ வச்சார், பேந்து "நீங்கள் பயோ படிப்பிக்கிற ஆள்தானே, வந்து பாருங்கோ" எண்டு கூப்பிட்டார். ஏஎல் பிள்ளையளுக்கு எத்தினை வருசமா படம் கீறிக் காட்டியிருப்பன், உயிரோட பாக்கேக்க அது வேற சாமான். சிவப்பணுக்களுக்கு நடுவில ஒரு மெல்லிய கோடு நெளியுது, இடத்தை விட்டு அவ்வளவா நகராது, ஆனா சுத்திவர இருக்கிற அணுக்களை எல்லாம் இடிச்சுத் தள்ளிக்கொண்டே நிக்குது. அதுதான் மைக்ரோபைலேரியா, பெரிய புழு போட்ட குட்டி. நீளம் ஒரு மில்லிமீற்றரில மூண்டில ஒரு பங்குதான்.

இலங்கையில நாய்களுக்கு கூடுதலா இருக்கிறது டைரோபைலேரியா ரெப்பன்ஸ் எண்ட சாதி. இதின்ர பெரிய புழு தோலுக்குக் கீழ இருக்கும், பெண் புழு 10 சென்ரிமீற்றருக்கு மேல நீளும். வெளிநாட்டு வீடியோக்களில இதயத்துக்குள்ள இருந்து கயிறு கயிறா இழுத்து எடுக்கிறாங்களே, அது இதின்ர சொந்தக்காரன், டைரோபைலேரியா இம்மிட்டிஸ், நுரையீரல் நாடியிலயும் இதயத்திலயும் இருக்கிறது, பெண் புழு 25 தொடக்கம் 30 சென்ரிமீற்றர் வரும். அந்த வீடியோவைப் பாத்திட்டு உங்கட நாய்க்கும் அதுதான் எண்டு பதற வேண்டாம். குட்டிப்புழுவைப் பாத்தே ஓரளவுக்குப் பிரிச்சுச் சொல்லலாம், ரெப்பன்ஸின்ர குட்டி கொஞ்சம் நீளம், தலை மொட்டை, வால் கொக்கி போல வளைஞ்சிருக்கும், இம்மிட்டிஸின்ர தலை கூம்பி வால் நேரா இருக்கும். வடிவாப் பாக்கோணும் எண்டால் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தை 9 மில்லிலீற்றர் போமலினோட கலந்து சுத்தவிட்டு அடியில படியிறதை நீலச் சாயம் போட்டுப் பாக்கிறது, நொட் ரெஸ்ட் எண்டு பேர்.

இனித்தான் நான் சொல்ல வந்த விசயம். இந்தக் குட்டிப்புழு நாய்க்குள்ளயே இருந்தால் வளரவே மாட்டுது. ஒரு வருசம், ரெண்டு வருசம் கூட இரத்தத்துக்குள்ள சுத்திச் சுத்தி இருக்கும், கடைசி வரைக்கும் குட்டிதான். நீங்கள் அந்த இரத்தத்தை எடுத்து இன்னொரு நாய்க்கு ஏத்தினாலும் அங்கயும் குட்டியாவே சுத்தும், பெரிய புழுவா மாறாது. மாறோணும் எண்டால் ஒரு நுளம்புக்குள்ள போய் கொஞ்ச நாள் இருந்தே ஆகோணும். எங்கட சனம் நினைக்கிறது நுளம்பு ஒரு பஸ், இஞ்ச ஏத்தி அங்க இறக்குது எண்டு. பஸ்ஸில ஏறினவன் இறங்கேக்கயும் அதே ஆள்தானே, இஞ்ச ஏறினது ஒண்டு இறங்கிறது வேறொண்டு.

உள்ளுக்க என்ன நடக்குது எண்டு பாப்பம். பெண் நுளம்பு இரத்தம் குடிக்கேக்க குட்டிப்புழுவும் சேந்து அதின்ர நடுக்குடலுக்குப் போகும். அங்க கன நேரம் நிண்டால் இரத்தத்தோட சேத்துச் சமிச்சுப் போடும், அதால ஒரு நாளுக்குள்ளயே அது குடல் வழிய போய் மல்பீசியன் குழாய்க்குள்ள நுழைஞ்சிடும். இது நுளம்பின்ர கழிவுக்குழாய், எங்களுக்குச் சிறுநீரகம் செய்யிற வேலையை அதுக்குச் செய்யிறது, மொத்தம் அஞ்சு குழாய். (பூச்சிகளுக்கு இது வழமையா சோடி சோடியா இருக்கும், நுளம்புக்கு மட்டும் ஏன் அஞ்சு எண்டு பிள்ளையள் கேட்டால் நான் அடுத்த பாடத்துக்குப் போயிடுவன்.) குழாய்க்குள்ள போனது சும்மா குழாயில கிடக்கிறதில்லை, குழாய்ச் சுவரில இருக்கிற கலத்துக்குள்ளயே பூந்திடும். ஒரு தனிக் கலத்துக்குள்ள ஒரு முழுப் புழு. அங்க இருந்துதான் உருமாறத் தொடங்குது, நீளமா மெல்லிசா இருந்தது கட்டையாகிக் கொழுத்து வரும், புத்தகங்களிலயே சொசேஜ் நிலை எண்டுதான் போட்டிருக்கு. இரத்தத்தில ஓடித் திரியேக்க அதுக்கு வேலை செய்யிற குடலே இல்லை, இப்பதான் வாய், குடல் எல்லாம் உருவாகுது.

பேந்து தோல் கழட்டும். முதல் தரம் கழட்டினா ரெண்டாம் நிலைக் குடம்பி, திரும்பவும் கழட்டினா மூண்டாம் நிலை. இந்த மூண்டாம் நிலைதான் இன்னொரு நாயைப் பிடிக்கக்கூடியது, முந்தின ரெண்டும் ஒண்டுக்கும் உதவாது. இப்ப நீளம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர், வெறும் கண்ணுக்கும் தெரியிற அளவு. குழாயின்ர நுனியை உடைச்சுக்கொண்டு வெளியால வந்து, நுளம்பின்ர உடற்குழிக்குள்ளால நெஞ்சைத் தாண்டித் தலைக்குப் போய், கடைசியா வாய்க்குழலின்ர வெளி உறைக்குள்ள போய்க் குந்திக்கொண்டு இருக்கும். நுளம்பு குத்தேக்க அந்த உறை தோலுக்குள்ள போறதில்லை, வில்லு மாதிரி மடிஞ்சு வெளியால நிக்கும், உள்ளுக்க போறது ஊசிகள் மட்டும். மலேரியாக் கிருமி உமிழ்நீரோட ஊசி போட்ட கணக்கா உள்ள போகும், இந்தப் புழுவுக்கு அந்த வசதி இல்லை. உறையின்ர நுனியைக் கிழிச்சுக்கொண்டு ஒரு சொட்டு நுளம்பு நீரோட தோலில விழும், அந்தச் சொட்டு காயிறதுக்குள்ள நுளம்பு குத்தின ஓட்டையைத் தானே தேடிப் பிடிச்சுப் பூரோணும். பூராட்டில் செத்துது.

நுளம்பின்ர பக்கத்தையும் பாக்கோணும். அதின்ர கழிவுக்குழாயை ஆரோ உள்ளுக்க இருந்து தின்னுகினம். ஒண்டு ரெண்டு புழு எண்டால் சமாளிக்கும், கனக்கப் பூந்தால் குழாய் கெட்டு நுளம்பு செத்திடும், நுளம்பு செத்தால் புழுவும் சரி. அதால அளவுக்கு மிஞ்சிக் குட்டிப்புழு இருக்கிற நாயைக் குடிச்ச நுளம்பு நோயைப் பரப்பாமலே போய்ச் சேரலாம். சில நுளம்புச் சாதிகளுக்குத் தொண்டைக்குள்ள பல்லு மாதிரி முள்ளு இருக்கு, அதுகள் இரத்தத்தை விழுங்கேக்கயே குட்டிப்புழுவைக் குத்திக் கிழிச்சிடும், அனோபிலிஸ் இதில கெட்டிக்காரி. டெங்கு நுளம்பு, அதான் ஈடிஸ் ஈஜிப்தி, அதுக்கு அந்த முள்ளு இல்லை.

எங்கட மலக்குழிகளுக்குள்ள வளருமே பெரிசா ஒரு கறுப்பு நுளம்பு, பின்னேரம் பொழுது படேக்க முத்தத்தில நிண்டால் காலைப் பிடிக்கிறது, ஆர்மிஜெரிஸ். அதுக்கு வேற வித்தை. புருகியா மலாயி எண்ட யானைக்கால் புழு உள்ள போனா அதைச் சுத்திக் கறுப்பா ஒரு மெலனின் கூடு கட்டி மூச்சடைக்கச் செய்து கொண்டுபோடும், ஆனா அதே சாதியில புருகியா பகாங்கி எண்ட இன்னொரு புழு போனா பேசாமல் வளர விட்டிடும். ரெண்டு புழுவையும் பக்கத்தில பக்கத்தில வச்சாலே பிரிக்கிறது கஷ்டம், நுளம்பு பிரிக்குது.

இப்ப கணக்கு. கணக்கு எண்டதும் ஓடாதேங்கோ, இதில சுகமே கணக்குத்தான். நுளம்புக்கு உடம்புச் சூடு எண்டு சொந்தமா ஒண்டில்லை, வெளியில என்ன வெக்கையோ அதுதான் அதுக்கும், உள்ளுக்க இருக்கிற புழுவுக்கும். இம்மிட்டிஸை வச்சுக் கண்டுபிடிச்சிருக்கினம், 14 பாகை செல்சியசுக்குக் கீழ புழு வளராமல் அப்பிடியே நிண்டிடும், அதுக்கு மேல ஒவ்வொரு பாகைக்கும் ஒரு நாளைக்கு ஒரு புள்ளி எண்டு கூட்டிக்கொண்டு வந்தால் 130 புள்ளி சேரேக்க மூண்டாம் நிலை தயார். யாழ்ப்பாணத்தில ஒரு நாள்ச் சராசரி 28 எண்டு வைப்பம், 14 புள்ளி ஒரு நாளைக்கு, அப்ப ஒன்பது பத்து நாளில அலுவல் முடிஞ்சுது. 18 பாகை இருக்கிற ஒரு குளிர் ஊரில ஒரு நாளைக்கு 4 புள்ளி, 32 நாள் வேணும்.

நுளம்பு அவ்வளவு நாள் இருக்குமோ? அதுதான் கேள்வி. பல்லி, சிலந்தி, தும்பி, எங்கட கை, எல்லாத்துக்கும் தப்போணும். ஒரு நாளைக்கு நூறில 15 நுளம்பு சாகுது எண்டு ஒரு பேச்சுக்கு வைப்பம். ஒன்பது நாள் கழிய நூறில 23 மிஞ்சும். 32 நாள் கழிய ஆயிரத்திலயே அஞ்சாறுதான் மிஞ்சும். ஒரே புழு, ஒரே நுளம்பு, வெக்கை மட்டும் வேற, அதால தப்பிறது நாப்பது மடங்கு கூட. குளிர் நாடுகளில இந்த வருத்தத்துக்கு ஒரு காலம் இருக்கு, கோடையில மட்டும் மருந்து குடுத்தாப் போதும் எண்டு சொல்லுகினம். எங்களுக்கு மார்கழிப் பனியில அம்மா காதைப் பொத்திக் கட்டிக்கொண்டு திரிஞ்சாலும் வெப்பமானி 20க்குக் கீழ போறது அருமை. வருசம் முழுக்க உலை எரிஞ்சபடிதான், மாரி மழைக்கு நுளம்பும் பெருகினால் சொல்லவே வேண்டாம்.

இன்னுமொண்டு, நாயைக் குடிச்ச நுளம்பு அடுத்த நாளே உங்கட நாயைக் குத்தினாலும் ஒண்டும் வராது. மூண்டு நாலு நாளைக்கு ஒருக்கா முட்டை போட இரத்தம் குடிக்குது எண்டால் நடுவில ரெண்டு மூண்டு தரம் குத்தினது எல்லாம் வெறும் கடிதான். ஆபத்தானது கிழட்டு நுளம்பு. அன்ரிக்கு இது சரியான புதினமாக் கிடந்தது, நுளம்பில கிழவி குமரி எண்டு இருக்கோ எண்டு கேட்டவ.

நுளம்பின்ர ஆயுளைக் குறைச்சு நினைச்சதால பெரிய ஆக்களே இடறியிருக்கினம். 1877இல சீனாவின்ர அமோய் துறைமுகத்தில இருந்த பற்றிக் மான்சன் எண்ட ஸ்கொட்லாந்து டொக்டர், உடம்பில பைலேரியா, அதாவது யானைக்கால் புழு இருந்த தன்ர தோட்டக்காரரை நுளம்புகளுக்குக் கடிக்கக் குடுத்து, அந்த நுளம்புகளை வெட்டிப் பாத்து, உள்ளுக்க புழு வளருது எண்டு முதல் முதல் கண்டவர். ஒரு பூச்சிக்குள்ள மனிச ஒட்டுண்ணி வளருது எண்டு அதுக்கு முன்னம் ஆரும் காட்டேல்லை. ஆனா அவர் வச்சிருந்த நுளம்புகள் சில நாளிலயே செத்துப் போகும், அதால நுளம்பு ஒருக்காத்தான் இரத்தம் குடிக்கும், தண்ணியில முட்டை போட்டுட்டுச் சாகும், அந்தத் தண்ணியைக் குடிக்கிற ஆளுக்குத்தான் புழு போகும் எண்டு முடிவு கட்டினார். பேந்து அவுஸ்திரேலியாவில தோமஸ் பாங்க்றொவ்ற் எண்டவர் நுளம்புகளுக்கு வாழைப்பழம் வச்சு ரெண்டு கிழமைக்கு மேல உயிரோட வச்சிருந்தார், அப்பதான் புழு கடைசி வரை வளர நேரம் கிடைச்சது. (பெரிய யானைக்கால் புழுவை 1876இல கண்டுபிடிச்சவர் இவரின்ர தகப்பன் யோசப். தகப்பன் புழுவைப் பிடிக்க மகன் அதின்ர பிள்ளையை வளத்திருக்கிறார்.) அவர் அனுப்பின நுளம்புகளை 1900இல லண்டனில லோ எண்டவர் சீவிப் பாக்கேக்க வாய்க்குழலுக்குள்ள புழு. அதே வருசம் இத்தாலியில கிராசியும் நொயேயும் நாய்ப்புழுவிலயே இது கடியாலதான் போகுது எண்டு காட்டினவை. மான்சன் தொடங்கி 23 வருசம். வாழைப்பழம் முந்தியே வச்சிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்கும்.

மனிசருக்கு வருமோ எண்டு கட்டாயம் கேப்பியள். வரும். ரெப்பன்ஸ் எங்களையும் நாய் எண்டு நினைச்சுப் பூரும், ஆனா எங்களுக்குள்ள சரியா வளர மாட்டாமல் தனியா அலைஞ்சு எங்கயாவது கட்டியா நிண்டிடும், கண்மடல், கன்னம், சின்னப் பிள்ளையள் எண்டால் இன்னும் சில இடங்கள். இலங்கையில இப்பிடிக் கன பேருக்கு வந்தது பதிவாகியிருக்கு, அதில சின்னப் பிள்ளையள் கூட. புற்றுநோயோ எண்டு பயந்து வெட்டி எடுத்தால் உள்ளுக்க ஒரு புழு சுருண்டு கிடக்கும், எடுத்தால் பெரும்பாலும் அதோட சரி. ஒரு ஆளில இருந்து இன்னொரு ஆளுக்குப் போறதும் இல்லை, எங்கட இரத்தத்தில அது குட்டி போடுறது மிச்சம் அருமை. யானைக்கால் வேற கதை. அதை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லாமல் ஆக்கின நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் 2016இல இலங்கைக்குச் சான்று குடுத்தது, ஆனா புருகியா மலாயி கன வருசத்துக்குப் பிறகு திரும்பத் தலை காட்டியிருக்கு, அதில நாய் பூனையளுக்குப் பங்கு இருக்குமோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கினம். எங்கட தீவின்ர பேரிலயே ஒரு புருகியா இருக்கு தெரியுமோ, புருகியா சிலோனென்சிஸ், 1962இல இஞ்சத்தை நாய்களில இருந்து விவரிச்சது. பெருமைப்படுற விசயமோ தெரியாது.

நுளம்பை விட்டால் தெள்ளு. நாய் படுக்கிற சாக்கில காய்ஞ்ச அரிசி கணக்கா ஏதாவது கிடந்தால் அது டிப்பிலிடியம் எண்ட நாடாப்புழுவின்ர துண்டு, ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் முட்டைப் பொட்டலங்கள். பெரிய தெள்ளால இதைத் தின்னேலாது, அதுக்கு இருக்கிறது இரத்தம் உறிஞ்சிற குழல். ஆனா தெள்ளின்ர குடம்பிக்குக் கடிக்கிற வாய் இருக்கு, மண்ணிலயும் சாக்கிலயும் குப்பை தின்னுறது அதுதான், முட்டையையும் சேத்துத் தின்னும். ஆறு கொக்கி வச்ச ஒரு சின்னக் குடம்பி முட்டைக்குள்ள இருந்து வெளியில வந்து, தெள்ளுக் குடம்பியின்ர குடலைத் துளைச்சு உடற்குழிக்குப் போய், அது கூட்டுப்புழுவாகி உருமாறுற அந்தக் களேபரம் முழுக்கத் தாங்கிக்கொண்டு உள்ளுக்க இருக்கும். தெள்ளு பெரிசாகி ஒரு நாயில ஏறி அந்த உடம்புச் சூடு பட்ட பிறகுதான் வளர்ச்சியை முடிக்கும். பேந்து நாய் சொறிஞ்சு கடிக்கேக்க தெள்ளை விழுங்கும், ரெண்டு மூண்டு கிழமையில திரும்ப அரிசி. அதால பூச்சிக் குளிசையை மட்டும் குடுத்திட்டு சாக்கைத் தோய்க்காமல் விட்டால் அடுத்த மாசமும் அதே கடைக்குத்தான் போகோணும். சாணி வண்டைத் தின்னப்போய் வாற ஸ்பைரோசேர்க்கா எண்டு ஒண்டும் இருக்கு, தொண்டைக்குழாயில கட்டி வைக்கிறது, அது தனிப் பதிவுக்குரிய கொடுமை.

கடைசியா அன்ரி கேட்டது, "அப்ப றோட்டு நாயளை எல்லாம் பிடிச்சுக்கொண்டு போனா சரிதானே தம்பி." நாயள் போனாலும் பூனை இருக்கு, அடுத்த ஊர் நாய் நாளைக்கு வரும், நுளம்பு இஞ்சயேதான் இருக்கும். என்ர எண்ணத்தில எங்கட வளவில செய்யக்கூடியது மலக்குழிக் குழாயின்ர வாய்க்கு வலை கட்டுறது, தாங்கிக்கு மூடி போடுறது, நாயைப் பொழுது படேக்க உள்ளுக்க எடுக்கிறது. நுளம்பை முழுக்க ஒழிக்கத் தேவையில்லை, ஒன்பது பத்து நாள் தாண்ட விடாமல் வச்சிருந்தாலே கணக்கு எங்கட பக்கம் திரும்பும்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். மாசத்துக்கு ஒருக்கா குடுக்கிற தடுப்பு மருந்து நுளம்பு குத்திறதை நிப்பாட்டாது, அது போன மாசம் உள்ள வந்த குடம்பிகள் பெரிசாக முந்தி அதுகளைக் கொல்லுது, பின்னோக்கி வேலை செய்யிற மருந்து. ஐவமெக்டின் அந்த வகை, அதுக்கு வழி திறந்த ஒமுராவுக்கும் காம்பெலுக்கும் 2015இல நோபல் குடுத்தவை. ஆனா மாட்டுக்கு வாங்கின ஊசி மருந்தில கண்மட்டத்துக்கு நாய்க்கு ஏத்திற வேலை வேண்டாம், கொலி மாதிரிச் சில சாதி நாய்களுக்கு அது மூளைக்கு ஏறும், இரத்தம் முழுக்கக் குட்டிப்புழு இருக்கிற நாய்க்கு எல்லாம் ஒரே நேரத்தில செத்து நாயே விழுந்திடலாம். முதல் இரத்தம் பாக்கோணும். பாக்கப் போறதெண்டால் ஏலுமெண்டால் பொழுது பட்ட பிறகு போங்கோ, ஏனெண்டால் இந்தக் குட்டிப்புழுக்கள் பகலில கூடுதலா நுரையீரல் பக்கம் ஒதுங்கி நிண்டிட்டு நுளம்பு கடிக்கிற நேரத்துக்குத்தான் தோலடி இரத்தத்துக்குக் கூட்டமா வரும், காலமை எடுத்த துளியில ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு அனுப்பின நாய்க்கு இரவு எடுத்துப் பாக்கேக்க இருக்கலாம்.